நூறு பக்க டைஸ் வாங்கலாமா? சனிக்கிழமைக்குள்ள வேணும்

மழைக்காகம்: பெர்சன்டைல் டைஸ் (1லேர்ந்து 100 வரைக்கும் எண் தர்றது) வேணும். நூறு முகம் உள்ள உருண்டை ஒண்ணு விக்குறாங்க, ஒரே உருட்டுல வேலை முடியும்ல? கைல இருக்குறது டி10 (பத்து முக டைஸ்) ரெண்டு, ரெண்டும் ஒரே சிவப்பு. எது பத்து எது ஒன்றுனு தினம் சண்டை. சீக்கிரம் சொல்லுங்க.

மூணாவதுமாடி: என்ன கேம்?

பாதிராத்திரி_ஜிஎம்: எந்த எடிஷன்னும் சொல்லுங்க. போனஸ் டைஸ், அதாவது கூடுதலா உருட்டுற டைஸ் இருந்தா பதிலே வேற.

இரும்புக்கை: எந்த கேமா இருந்தாலும் மெட்டல் செட். கனமா இருக்கும், ரெண்டு புரள்ல நின்னுடும்.

மூணாவதுமாடி: ட்ரே இல்லாம போட்டா மேசைல பள்ளம் விழும். கண்ணாடி மேசைன்னா கேக்கவே வேணாம்.

பழையகை: தேடிப் பார்க்குற பழக்கமே போச்சு தம்பி. அந்த உருண்டை லூ சோக்கினு ஒரு டைஸ் தயாரிப்பாளர் 1985ல கொண்டுவந்தது, கோல்ஃப் பந்து சைஸ். ஓடிட்டே இருக்கும்னுதான் உள்ள துகள் போட்டு வேகத்தைக் குறைச்சாங்க. நின்ன பிறகும் எது மேல் முகம்னு குனிஞ்சு பார்க்கணும். பழைய அச்சுல 8க்குக் கீழ, 93க்கு மேல உள்ள எண்கள் கம்மியா விழுந்துச்சு. கிரிட்டிக்கலும் (பெரிய வெற்றி) ஃபம்பிளும் (பெரிய சொதப்பல்) அங்கதானே இருக்கு?

மழைக்காகம்: தம்பி இல்ல. கால் ஆஃப் கதூலுங்கற ரோல்பிளேயிங் கேம், 7ம் எடிஷன்.

பாதிராத்திரி_ஜிஎம்: அப்போ உருண்டை வேணாம். 00, 10, 20… 90னு அச்சடிச்ச பத்துகள் டைஸ் மூணு, 0–9 உள்ள ஒன்றுகள் டைஸ் ஒண்ணு. போனஸோ பெனால்டியோ ரெண்டு வரைக்கும் சேரலாம், அதான் மூணு. கூடுறது பத்துகள் மட்டும். இதுல சின்ன எண்தான் நல்லது, அதனால 40, 20, ஒன்றுல 7 விழுந்தா போனஸுக்கு 27, பெனால்டிக்கு 47.

எல்லாரும் சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு. ஒன்றுல 0, பத்துல 00வும் 40வும் விழுந்தா, 00தான் சின்னதுனு போனஸுக்கு அதை எடுத்துடுறாங்க. 00வும் 0வும் சேர்ந்தா 100, ஃபம்பிள்! ரெண்டு முடிவையும் முழு எண்ணா படிச்சுட்டு 40ஐ எடுங்க.

உப்புமூட்டை: வாங்கினதும் மிதக்கவிட்டுப் பாருங்க. 100 மில்லி வெந்நீர்ல 35 கிராம் உப்பு. சுண்டிவிடச் சுண்டிவிட ஒரே எண் மேல வந்தா தூக்கிப் போடுங்க.

பழையகை: உள்ள காத்துக்குமிழி இருந்தா அது காட்டும். பாலிஷ்ல ஒரு முகம் தேய்ஞ்சதைக் காட்டாது. சில ரெசின் டைஸ் மிதக்கவே மிதக்காது, மெட்டலைப் பத்திச் சொல்லவே வேணாம். டி10ஐ 100 தடவை உருட்டி எண்ணுங்க. ஒவ்வொரு முகமும் சுமார் 10 தடவை வரணும். வந்ததுக்கும் 10க்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி 10ஆல வகுத்து, பத்து முகத்துக்கும் கூட்டுங்க. 16.9 தாண்டினா சந்தேகம்.

உப்புமூட்டை: ஒழுங்கான டைஸே இருபதுல ஒரு வாட்டி அதைத் தாண்டும். அதையும் தூக்கிப் போடுவீங்களா?

பழையகை: மறுபடி 100 உருட்டணும். பொறுமை இல்லாதவங்கதான் உப்பு கரைப்பாங்க.

மழைக்காகம்: பத்துகள் தனியா கிடைக்கல. ஏழு டைஸ் செட்டுக்கு ஒண்ணுதான் வருது.

பாதிராத்திரி_ஜிஎம்: வேற வேற நிறத்துல ரெண்டு செட் எடுங்க. மூணாவது பத்துக்குப் பழைய சிவப்பு போதும், 4 விழுந்தா 40. எது ஒன்றுகள்னு உருட்டுறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்.

மழைக்காகம்: எடுத்தாச்சு. நீலம், மஞ்சள். நன்றி.

உப்புமூட்டை: பழையகை, கல்லுப்பா தூளுப்பானு கூடத் தெரியாம பேசாதீங்க.