புதுப்பிப்பு: சென்னையில் ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களை இணையத்தில் தேடுவது

ரத்ததான முகாமுக்கு அருகிலுள்ள சேவைச் சங்கத்தை எப்படிப் பிடிப்பது என்று முன்பு எழுதியிருந்தேன். "தேடினால் வரவில்லை" என்று பலர் சொன்னதால் இந்தச் சேர்க்கை.

முக்கியமான சிக்கல் பெயரில்தான். சென்னை என்று மட்டும் தேடினால் பழைய சங்கங்கள் தப்பிவிடும். 1929-இல் தொடங்கிய ரோட்டரி சங்கம் இன்றும் மெட்ராஸ் என்ற பெயரில்தான் இருக்கிறது. இரண்டையும் தட்டுங்கள். திருவான்மியூர், தாம்பரம் போன்ற பெயர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் தொடக்கத்திலேயே மாறும் என்பதால் Thiru/Tiru, Tham/Tam என இரண்டு விதமாகவும் தட்டிப் பாருங்கள்.

பேட்டைப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். மயிலாப்பூர் பெயர் தாங்கிய சங்கம் வேறு பகுதி ஹோட்டலில் கூடலாம். கூட்டம் நடக்கும் முகவரியையும் கிழமையையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மாவட்ட எண்ணை வைத்துத் தேடுவோர் கவனிக்க: ரோட்டரி மாவட்டம் என்பது பல சங்கங்களைச் சேர்த்து ரோட்டரி வகுத்த நிர்வாகப் பகுதி, வருவாய் மாவட்டம் அல்ல. பிரிக்கப்படும்போது எண்ணும் மாறும். சென்னையின் பழைய எண்ணான 3230 அச்சிட்ட நோட்டீஸை வைத்துத் தேடிப் பயனில்லை.

ரோட்டரி இணையதளத்தின் பொதுத் தேடலில் சங்கங்கள்தான் கிடைக்கும். தனி உறுப்பினர்களைத் தேட, மை ரோட்டரி (My Rotary) என்ற கணக்குப் பகுதியில் உறுப்பினராக உள்நுழைய வேண்டும். அங்கும் அவரவர் அனுமதித்த விவரமே தெரியும். வெளியாட்கள் செயலாளருக்கு எழுதுவதே சரியான வழி.

ரோட்டரி, லயன்ஸ் இரண்டிலும் பொறுப்பாளர்கள் ஜூலை 1-இல் மாறுகிறார்கள். ஜூலையில் பழைய தலைவர் பெயரே தெரிந்தால், பெயர் போடாமல் "தலைவர், செயலாளர்" என்று பதவிக்கு எழுதுங்கள்.