போலந்துச் சமத்துவப் பேரணிகள்: போனவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மூன்றாம்மாடி:
பியாவிஸ்டோக், 2019 ஜூலை 20. தன்பாலீர்ப்பாளர்களின் உரிமைக்காக அந்த ஊரில் நடந்த முதல் பேரணி. எதிர்ப்பாளர்கள் பக்கமிருந்து கல், பாட்டில், முட்டை, பட்டாசு என்று என்னென்ன பறந்தது என்பதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள், அதைத் திரும்ப எழுதவில்லை. நான் அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தேன், ஊர்வலப் பாதைக்கு ஒரு தெரு தள்ளி அறை. வெடிச்சத்தம் கேட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கீழ்வாசல் இண்டர்காம் அடித்தது. எடுத்தேன். ஒரு பெண் குரல், "ப்ரோஷே, ப்ரோஷே" என்று. தயவுசெய்து என்று அர்த்தம். அதற்கு மேல் மூச்சிரைப்புதான். பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் கதவு திறக்கும், விரல் அதன் மேலேயே இருந்தது, நான் அழுத்தவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் இரண்டு பேர், இருபது வயதுகூட இருக்காது. ஒருத்தி வரிசையாக எல்லா வீட்டுப் பொத்தான்களையும் அழுத்திக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி வானவில் கொடியைச் சட்டைக்குள் திணித்திருந்தாள், ஒரு முனை மட்டும் இடுப்பில் தொங்கியது. யாரும் திறக்கவில்லை. இடது பக்கமாக ஓடினார்கள். அப்புறம் என்ன ஆனது என்று தெரியாது. இத்தனை வருடம் கழித்தும் எங்கே இண்டர்காம் அடித்தாலும் அந்தத் துணி முனைதான் கண்ணில் வருகிறது.

விஸ்துலாக்கரை:
நண்பர் கதவைத் திறக்காததற்கு யாரும் அவரைக் குறை சொல்ல வேண்டாம். மாணவர் விசாவில் இருக்கிறவர், மொழி தெரியாது, கீழே நிற்பது யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த நாட்டு மக்களே அப்படி, நாம் ஒதுங்கி இருப்பதுதான் நல்லது.

என் அனுபவம் சின்னது. 2019 செப்டம்பர் 28, லூப்ளின். நண்பன் கூப்பிட்டான் என்று ஓரமாக நடந்தேன். எனக்கு முன்னால் ஒரு அப்பா, தோளில் குழந்தை. அதன் காலிலிருந்து ஒரு ஷூ கழன்று விழுந்தது, எடுத்து மாட்டிவிட்டேன், கட்டைவிரல் அளவுக்குக் குட்டிப் பாதம். அப்புறம்தான் செய்தி வந்தது, கணவன் மனைவி இரண்டு பேர் வீட்டில் செய்த வெடிபொருளோடு அந்தப் பேரணிக்கு வந்து பிடிபட்டார்கள் என்று. அடுப்பில் சோறு கொதிக்கிறது, நான் கையில் போனை வைத்துக்கொண்டு அந்த ஷூவையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

புதிதாகப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். வசிப்பு அட்டையும் பாஸ்போர்ட் நகலும் கையில் இருக்கட்டும். தெரிந்த வக்கீல் எண் இருந்தால் போனில் மட்டும் வைக்காமல் கையிலேயே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள், போன் தொலையும். தனியாகப் போகாதீர்கள், முக்கியமாகத் தனியாகத் திரும்பாதீர்கள். பேரணிக்குள் இருக்கும்போது சுற்றிலும் போலீஸ் நிற்கிறது, கலைந்த பிறகு டிராம் நிறுத்தத்திலும் ரயில் நிலையத்திலும்தான் ஆபத்து. கிளம்புவதற்கு முன் பேட்ஜைக் கழற்றிப் பைக்குள் போடுங்கள், கொடியை மடித்து உள்ளே வையுங்கள். எதிரில் நின்று திட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்லாதீர்கள், அவர்கள் கேமராவோடுதான் வருகிறார்கள். தண்ணீர் பிளாஸ்டிக் பாட்டிலில். அவசரத்துக்கு 112. இது சட்டப்படியான கூட்டம்தானா என்று பயப்படுகிறவர்களுக்கு: அங்கே மாநகராட்சிக்குத் தகவல் கொடுத்தால் போதும், அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2018-இல் லூப்ளின் மேயர் தடை போட்டார், மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது, பேரணி நடந்தது. அப்புறம், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள், செருப்போடு ஓட முடியாது.

பழையவார்சா:
"அந்த நாட்டு மக்களே அப்படி" என்று எழுதியிருக்கிறீர்கள், அதை என்னால் விட முடியவில்லை. பேரணியில் குழந்தையைத் தோளில் தூக்கிவந்த அப்பா எந்த நாட்டு மக்கள்? போலந்தில் தன்பாலீர்ப்பு 1932-லேயே குற்றமில்லை என்று ஆகிவிட்டது. நம் ஊரில் அதைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப்பிரிவை உச்ச நீதிமன்றம் தளர்த்தியது 2018 செப்டம்பரில். ஒரு நாட்டையே ஒரே பெட்டியில் அடைக்காதீர்கள். அரசியல்வாதிகள் செய்ததை வேண்டுமானால் சொல்லுங்கள், கேட்கிறேன். 2005-இல் வார்சா மேயராக இருந்த லேக் கச்சின்ஸ்கி சமத்துவப் பேரணியைத் தடைசெய்தார், அடுத்த வாரமே எதிர்த்தரப்பின் 'இயல்பு நிலை' ஊர்வலத்துக்கு வழிவிட்டார், அதே வருடம் ஜனாதிபதித் தேர்தலிலும் ஜெயித்தார். ஆனால் தடையை மீறி அன்று ஆயிரக்கணக்கில் நடந்தார்களே, அவர்களும் போலந்துக்காரர்கள்தான். அந்தத் தடை தவறு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007-இல் தீர்ப்புச் சொன்னது. 2010-இல் ஐரோப்பா முழுவதற்குமான யூரோபிரைடு பேரணியே வார்சாவில் நடந்தது. பிறகு 2019, 2020-இல் ஏறக்குறைய நூறு ஊராட்சிகள், மாவட்டங்கள் 'எல்ஜிபிடி சித்தாந்தத்துக்கு இடமில்லை' என்று தீர்மானம் போட்டார்கள், அதுவும் உண்மை. ஐரோப்பியப் பணம் நின்றுபோகும் என்றதும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றதும் உண்மை. மனசு மாறித் திரும்பப் பெற்றவர்கள் எத்தனை பேர் என்று எனக்குச் சந்தேகம் உண்டு, ஆனாலும் போனது போனதுதான்.

என் கதை பேரணியைப் பற்றியது இல்லை. வார்சாவில் ஸ்பாவிச்சேலா சதுக்கத்தில் செயற்கைப் பூக்களால் செய்த பெரிய வானவில் ஒன்று இருந்தது, 2012 முதல் 2015 வரை. பல முறை கொளுத்தினார்கள். 2013 நவம்பர் 11, சுதந்திர தின ஊர்வலத்தன்று எரித்தது பெரியது. நான் அடுத்த நாள் போனேன். பிளாஸ்டிக் கருகிய நாற்றம், வெறும் இரும்புச் சட்டம். ஆட்கள் வந்து நிஜப் பூக்களை அந்தச் சட்டத்தில் செருகிக்கொண்டிருந்தார்கள். எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டி, கையுறையைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கார்னேஷனின் தண்டை ஒடித்துக் கம்பியில் சுற்றினார், எட்டவில்லை. என்னிடம் நீட்டினார். நான் உயரம். ஒரு வார்த்தை பேசவில்லை, பூவைக் கொடுத்தார், மேலே விரலைக் காட்டினார், அவ்வளவுதான். கம்பியில் இன்னும் கரி அப்பியிருந்தது, கையெல்லாம் கறுப்பு.

நதியா:
சண்டை வேண்டாமே. 2022 ஜூன் 25, வார்சா. போர் காரணமாகக் கீவ் நகரத்தில் பேரணி நடத்த முடியாததால் அவர்களும் வார்சாவில் எங்களோடு சேர்ந்து நடந்தார்கள். பக்கத்தில் வந்த உக்ரைன் பெண் நடந்துகொண்டே போனில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டேன். காதலி ராணுவத்தில் இருக்கிறாள், சத்தம் கேட்கட்டும் என்று குரல்பதிவு அனுப்புகிறேன் என்றாள். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். எங்கள் வரிசை முழுக்கக் கத்தியது. பேரணி முடியும்வரை பதில் வரவில்லை, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கயல்:
நான் கிராக்கோவ். கத்தோலிக்கக் குடும்பம், தூத்துக்குடிப் பக்கம், ஞாயிறு பூசை தவறவிட்டதில்லை. 2019 ஆகஸ்ட் 1 அன்று பேராயர் யென்டிரஷெவ்ஸ்கி மரியன்னை ஆலயத்தில் பேசியது உங்களுக்குத் தெரியும், சிவப்புக் கொள்ளைநோய் (கம்யூனிசத்தைச் சொல்கிறார்) போய் வானவில் கொள்ளைநோய் வந்திருக்கிறது என்று. நான் அந்தப் பூசையில் இல்லை. ஆனால் அடுத்த ஞாயிறு நான் வழக்கமாக முழந்தாளிடும் இடத்தில் முழந்தாளிட்டபோது, என்னைத்தான் சொன்னார் என்பது அப்போதுதான் உடம்பில் இறங்கியது. நற்கருணை வாங்கப் போகவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஒரு பேரணிக்குப் போனேன். ஓரத்தில் ஜெபமாலையோடு ஒரு கூட்டம் மண்டியிட்டிருந்தது, எனக்கு அந்த ஜெபம் முழுக்கத் தெரியும், உதடு தானாக அசைந்தது. எதிர்ப்பக்கம் சில அம்மாக்கள், அப்பாக்கள் நின்றார்கள், பிள்ளைகள் இப்படி என்று தெரிந்து அவர்களுக்காக வந்தவர்கள். ஒரு அம்மா "அம்மாவின் அணைப்பு, இலவசம்" என்று அட்டை பிடித்திருந்தார். கட்டிக்கொண்டார். அவர் கழுத்திலும் ஒரு ஜெபமாலை, மரமணி, என் கன்னத்தில் அழுந்தியது. பிறகு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உன் அம்மாவுக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி ஒரு தடவை கட்டிக்கொண்டார். அம்மா இப்போதும் வாரம் இரண்டு முறை வீடியோ காலில் வருகிறார், வரன் பார்க்கட்டுமா என்று கேட்கிறார், நான் வேலை அதிகம் என்கிறேன்.

விஸ்துலாக்கரை:
பழையவார்சா, சரி, அந்த வரி தப்பு. திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கயல், அவசரப்பட்டு வீட்டில் சொல்லாதீர்கள், முதலில் அக்கா தங்கை யாரிடமாவது

கயல்:
அண்ணா, யோசனை கேட்கவில்லை. எழுத வேண்டும்போல இருந்தது, எழுதினேன்.

மூன்றாம்மாடி:
எல்லாவற்றையும் படித்தேன். விசா பயம் என்று எனக்காக வாதாடிய நண்பருக்கு நன்றி, ஆனால் அது காரணம் இல்லை. அன்று அறையில் என்னோடு நம் ஊர்க்காரன் ஒருவன் இருந்தான், படுக்கையில் சாய்ந்துகொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தான். திறந்தால் ஏன் திறந்தாய் என்று கேட்பான், என் முகத்தைப் பார்ப்பான் என்று நினைத்தேன். நானும் தன்பாலீர்ப்பாளன்தான், இதை இப்போதுதான் முதல்முறையாக ஓரிடத்தில் எழுதுகிறேன். கயல், அந்த அம்மாக்கள் கிராக்கோவுக்கு மட்டும்தான் வருவார்களா, வேறு ஊர்ப் பேரணிகளுக்கும் வருவார்களா? நான் இப்போது பொஸ்னானில் இருக்கிறேன்.