டென்னசியில் ரெசிடென்சி இல்லாமல் லைசென்ஸ்: நம்பி இறங்கலாமா?

நெல்லை_எம்டி:
திருநெல்வேலியில் பொது மருத்துவ எம்டியாக வேலை பார்த்தேன். கணவருக்கு நாஷ்வில்லில் வேலை கிடைத்ததால் எச்-4 விசாவில் இங்கே வந்திருக்கிறேன். வெளிநாட்டில் பயிற்சி முடித்த டாக்டர்கள், இங்குள்ள மருத்துவமனைப் பயிற்சியான ரெசிடென்சி செய்யாமலே டென்னசியில் லைசென்ஸ் வாங்கலாம் என்கிறார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இன்னொரு மூன்று வருடம் நைட் டியூட்டி என்றால் மலைப்பாக இருக்கிறது. அமெரிக்க லைசென்ஸ் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1 இன்னும் எழுதவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கோவை_ஹாஸ்பிட்டலிஸ்ட்:
வணக்கம் டாக்டர். சட்டம் உண்மைதான், 2023-ல் நிறைவேறியது. ஆனால் அதை மட்டும் நம்பி ரெசிடென்சியை விட்டுவிடாதீர்கள்.

அந்த வழியில் முதலில் கிடைப்பது தற்காலிக லைசென்ஸ். ஒரு மருத்துவமனை உங்களை வேலைக்கு எடுத்து, மேற்பார்வையில் வைத்துக்கொள்ள முன்வர வேண்டும். அந்த லைசென்ஸும் டென்னசிக்குள் மட்டும்தான் செல்லும். நாஷ்வில்லிலிருந்து ஒரு மணி நேரம் ஓட்டினால் கென்டக்கி. உங்கள் நோயாளி அங்கே குடிபோய்விட்டு வீடியோவில் கூப்பிட்டால், பொதுவாக உங்களுக்குக் கென்டக்கி லைசென்ஸ் வேண்டும். டாக்டர் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்ப்பதில்லை, நோயாளி இருக்கும் மாநிலத்தைத்தான் பார்ப்பார்கள்.

பல மாநில லைசென்ஸ்களைச் சீக்கிரம் வாங்க 'காம்பேக்ட்' என்ற ஒப்பந்தம் 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் நுழைய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ரெசிடென்சி வேண்டும், ஸ்டெப் தேர்வு ஒவ்வொன்றையும் மூன்று முயற்சிக்குள் தேறியிருக்க வேண்டும். சிறப்புத் துறைச் சான்றுக்கான போர்டு தேர்வும் அப்படியே: உள்மருத்துவ போர்டு சாதாரணமாக இங்குள்ள ரெசிடென்சியைத்தான் கேட்கும். நாளை உங்கள் கணவருக்கு டெக்சாஸில் வேலை மாறினால் என்ன செய்வீர்கள்? எனக்கு அந்தக் கவலைதான்.

மதுரைக்காரி:
அண்ணா சொல்வது சரி, ஆனாலும் எல்லோருக்கும் ரெசிடென்சி சீட் கிடைத்துவிடுவதில்லை. இரண்டு கதவையும் தட்டுங்கள் அக்கா. எச்-4-ல் வேலை பார்க்க அனுமதி கிடையாது. கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக வேலை கொடுப்பவர் போடும் மனு) ஒப்புதல் ஆகியிருந்தால், வேலை அனுமதி அட்டையான இஏடிக்கு விண்ணப்பிக்கலாம். பயிற்சிக்கான ஜே-1 விசாவுக்கு மாறி ரெசிடென்சி செய்தால், முடிந்ததும் இரண்டு வருடம் ஊருக்குத் திரும்ப வேண்டும், அல்லது டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் வேலை பார்த்து விலக்கு வாங்க வேண்டும். கான்ராட் 30 என்பது அதற்குத்தான், மாநிலத்துக்கு வருடம் 30 இடம்.

நெல்லை_எம்டி:
ரொம்ப நன்றி. ஐ-140 ஆகிவிட்டது, இஏடி போடுகிறோம். இப்போது முதலில் எதைத் தொடங்குவது?

கோவை_ஹாஸ்பிட்டலிஸ்ட்:
பெயரை! எம்பிபிஎஸ் சான்றிதழை எடுத்து பாஸ்போர்ட் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஊர் சான்றிதழில் இனிஷியலோடு 'எஸ். கலா' என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து, அல்லது கணவர் பெயராக மாறி நிற்கும். வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்குச் சான்று தரும் அமைப்பான இசிஎஃப்எம்ஜிக்குப் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வேண்டும். வேறுபட்டால் இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு ஆவணம் கேட்பார்கள். இதைத் தேர்வுக்குப் பதியும் முன்பே சரிசெய்யுங்கள். சான்றிதழ்களை அவர்கள் கல்லூரியிலிருந்தே நேரடியாகச் சரிபார்ப்பார்கள். அதனால் உங்கள் கல்லூரி அலுவலகத்தில் அந்த வேலையை யார் பார்க்கிறார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள். அப்புறம் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் உங்கள் பதிவு நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள், நன்னடத்தைச் சான்று வாங்க அது வேண்டியிருக்கும். ஸ்டெப் 1-ல் இப்போது மதிப்பெண் கிடையாது, தேறினால் போதும். அதனால் உழைப்பை ஸ்டெப் 2-க்கு மிச்சம் வையுங்கள் டாக்டர்.