மறு: நிலச்சரிவு வரைபடம், மூன்று சொற்கள் வேண்டும் (அவசரம்)

நண்பர்களே, மலைப்பகுதி நிலச்சரிவு வரைபடம் பற்றிய பயிற்சிக் கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தர வேண்டும். மூலத்தில் சசெப்டிபிலிட்டி, ஹசார்டு, ரிஸ்க் என்று மூன்று வருகின்றன. எனக்கு முன் மொழிபெயர்த்தவர் மூன்றுக்கும் 'அபாயம்' என்றே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். முதலாவது, சாய்வு, பாறை, மண், வடிகால் இவற்றைப் பார்த்து எங்கே சரியக்கூடும் என்று சொல்வது. அதில் காலக்கணக்கு கிடையாது. இரண்டாவதில் காலம் வந்துவிடும்: நிலச்சரிவு ஆய்வாளர் வார்ன்ஸ் 1984-இல் யுனெஸ்கோ வெளியீட்டில் தந்த வரையறையே 'குறித்த காலத்துக்குள், குறித்த பரப்பில்' என்றுதான் பேசுகிறது. கீழே யார், என்ன இருக்கிறது, அது எவ்வளவு தாங்கும் என்பதையும் சேர்த்தால்தான் மூன்றாவது. ஆளோ சாலையோ இல்லாத மலையில் முதல் இரண்டும் உச்சத்தில் இருக்கலாம், மூன்றாவது ஏறக்குறைய பூச்சியம்.

> எல்லாவற்றுக்கும் 'இடர்' போதுமே

போதாது ஐயா. வங்கிக்காரர்களுக்கு இடர் என்றால் ரிஸ்க், பேரிடர் என்றால் டிசாஸ்டர். ஒரு சொல்லை எத்தனை பேர்தான் இழுப்பது?

> எத்தனை பேர்தான் இழுப்பது

'இழு' வேறு, 'இழுக்கு' வேறு, ஆனாலும் நல்ல நேரத்தில் நினைவுபடுத்தினீர்கள். இழுக்குதல் என்றால் வழுக்குதல். குறள் 415-இல் 'இழுக்கல் உடையுழி' வழுக்கு நிலம்தான், அதனால்தான் அங்கே ஊற்றுக்கோல் (ஊன்றுகோல்) தேவைப்படுகிறது. 136-இல் 'இழுக்கத்தின் ஏதம்' (ஏதம் என்றால் கேடு), ஸ்லைடும் ரிஸ்க்கும் பக்கத்தில் பக்கத்தில்! ஆகவே இழுக்குமை, இழுக்கூறு, இழுக்கேதம்.

> இழுக்குமை, இழுக்கூறு, இழுக்கேதம்

136 பேசுவது ஒழுக்கத்தை, மலையை அல்ல. அப்புறம், 'உங்கள் வீடு உயர் இழுக்கு மண்டலத்தில் இருக்கிறது' என்று ஓர் அலுவலர் வாசலில் போய்ச் சொன்னால் மழைக்கு முன்னால் சண்டை வரும்.

அப்படியானால் 'வழு' எடுங்கள். வழு, வழாநிலை, தடுப்புச்சுவர் கட்டிய பிறகு வழுவமைதி :-)

இலங்கையில் மண்சரிவு என்பதே வழக்கு, அதையும் கவனியுங்கள். பாறை உருண்டால் பொருந்துமா என்று கேட்காதீர்கள், மக்கள் புரிந்துகொள்கிறார்கள்.

எனக்கு வேறு கவலை. ஸ்லோப்பும் சரிவு, ஸ்லைடும் சரிவு. 'சரிவில் சரிவு' என்று கையேடு முழுக்க எழுத முடியாது. ஸ்லோப்புக்குச் சாய்வு என்று முதலில் ஒதுக்கிவிடுங்கள்.

சரி, நேரமில்லை. சாய்வு ஏற்கப்பட்டது. சசெப்டிபிலிட்டிக்குச் 'சரியும் தன்மை', ஹசார்டுக்குச் 'சரிவிடர்' (சரிவு + இடர்), ரிஸ்க்குக்கு 'இழப்பிடர்'. 'வாய்ப்பு' வேண்டாம், லாட்டரி மாதிரி இருக்கிறது. நாலு பேர் சம்மதம், ஒருவர் மறுப்பு, மற்றவர்கள் மௌனம். அனுப்பிவிடுகிறேன்.

மறுத்த ஒருவன் நான்தான். சரிவிடரை வாசகர் 'சரி விடர்' என்றுதான் பிரிப்பார். விடர் என்றால் மலைப்பிளவு. சரியப்போகும் நிலத்தின் தலைப்பக்கத்தில் முதலில் திறக்கிற வெடிப்புக்கு அதைவிட நல்ல சொல் கிடையாது. அதைப் போய் ஹசார்டுக்குள் புதைத்துவிட்டீர்கள். அடுத்த பதிப்பிலாவது தோண்டி எடுங்கள்.