மதுரவாயல் – துறைமுகம் பறக்கும் சாலை: டெண்டருக்கு முன் யார் யார் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்?

கூவம்வாசி எழுதியது:

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக. 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 19 கி.மீ. நீளம், 1,815 கோடி ரூபாய். சென்னைத் துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள் ஊருக்குள் சிக்காமல் நேரே மதுரவாயல் போய்விட வேண்டும் என்பது நோக்கம். 2012 மார்ச்சில் மாநில அரசு வேலையை நிறுத்தியது. கூவத்துக்குள் தூண் வருகிறது, ஒப்புக்கொண்ட பாதையிலிருந்து விலகியிருக்கிறார்கள், வெள்ளநீர் போக்கு தடைபடும் என்று காரணம் சொன்னார்கள். நெடுஞ்சாலை ஆணையம் நீதிமன்றம் போனது. 2014-இல் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அப்படியும் வேலை நகரவில்லை. 2022 மே மாதம் அதே வழித்தடத்துக்கு மறுபடியும் அடிக்கல், இந்த முறை இரண்டடுக்காக, 5,800 கோடிக்கு மேல்.

இதை எல்லோரும் அரசியல் சண்டை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். 2012-இல் வெளியே வந்த பிரச்சினை டெண்டர் போடும்போதே உள்ளே இருந்தது என்பது என் கருத்து. எந்தத் தூண் கரையில், எந்தத் தூண் தண்ணீரில், தண்ணீரில் என்றால் எவ்வளவு உள்ளே? சாலை போடுகிறவர்களும் அப்போது ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த பொதுப்பணித் துறையும் இதை ஒரே தாளில் பார்த்து ஒப்புக்கொண்டிருந்தால், "விலகல்" என்ற வாதமே எழுந்திருக்காது. துறைமுகம், மாநகராட்சி, கரையோரக் குடும்பங்களுக்கு மாற்று வீடு தர வேண்டிய குடிசை மாற்று வாரியம், மின் வாரியம், குடிநீர் வாரியம் என்று ஆளுக்கொரு கனவோடு ஒரே திட்டத்துக்குள் இருந்தார்கள்.

நெடுஞ்சாலை மணி எழுதியது:

முழுக்க மறுக்கிறேன். 2009-க்கும் 2012-க்கும் நடுவில் 2011-இல் ஆட்சி மாறியது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. நீங்கள் சொல்கிற எல்லாத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருந்தாலும், அடுத்து வருகிற அரசு வேண்டாம் என்றால் அதே துறைதான் அதே பேனாவால் நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதும். அதிகாரிக்கு வேறு வழி கிடையாது. உயர் நீதிமன்றத் தீர்ப்பாலேயே நகர்த்த முடியாத வேலையை ஒரு கூட்டத்தின் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, நகர்த்தியிருக்குமா?

இன்னொன்று. 1,815 எங்கே, 5,800 எங்கே என்று ஒப்பிடாதீர்கள். அது ஒரு அடுக்கு, இது இரண்டு. கீழே நகரப் போக்குவரத்து, மேலே துறைமுக லாரி. இரண்டும் வேறு வேறு திட்டம்.

தளத்திலிருந்து எழுதியது:

மணி சார், நான் இந்த வேலையில் இல்லை. வேறு மேம்பால வேலைகளில் இருந்திருக்கிறேன். ஆட்சி மாறாத இடத்திலும் இதே கதைதான் சார்.

ஒரு இடத்தில் பைல் (தூணுக்குக் கீழே ஆழமாக இறக்கும் அடித்தளம்) போட ரிக் (துளையிடும் இயந்திரம்) கொண்டுவந்து நிறுத்தினோம். டிராயிங்கில் அங்கே ஒன்றுமே இல்லை. கையால் சோதனைக் குழி தோண்டிப் பார்த்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் செங்கல் அடுக்கு, அதற்குக் கீழே உயர் அழுத்த கேபிள். மின் வாரிய ஏ.இ. (உதவிப் பொறியாளர்) வந்து பார்த்துவிட்டு, "இது எங்க பழைய லைன்தான், மாத்தணும்னா எஸ்டிமேட் போட்டுப் பணம் கட்டுங்க" என்றார். பணம் யார் கட்டுவது என்பது ஒப்பந்தத்திலும் இல்லை, திட்ட அறிக்கையிலும் இல்லை. கடிதம் மேலே போய்க் கீழே வருவதற்குள் ரிக் வாடகை ஏறிக்கொண்டே இருந்தது. பிறகு தூணைத் தள்ளிப் போடலாம் என்று வடிவமைப்பாளர் சொன்னார். தள்ளினால் ஸ்பான் (இரண்டு தூணுக்கு நடுவிலான தூரம்) மாறும், ஸ்பான் மாறினால் கர்டர் (தூண்களின் மேல் உட்காரும் உத்தரம்) மாறும், கர்டர் அச்சு ஏற்கெனவே செய்து வந்துவிட்டது.

அந்த ஏ.இ. கெட்டவர் இல்லை. டிராயிங் போடும்போது அவரை யாரும் கூப்பிடவில்லை. கூவத்தில் கேபிளுக்குப் பதில் ஆறு, அவ்வளவுதான் வித்தியாசம்.

வாசகி ஆலந்தூர் எழுதியது:

லண்டன் ஹீத்ரோ ஐந்தாம் முனையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 430 கோடி பவுண்டு வேலை. விமான நிலைய நிறுவனமான பி.ஏ.ஏ. இடர்ப் பொறுப்பை ஒப்பந்ததாரர்கள் தலையில் கட்டாமல் தானே ஏற்றுக்கொண்டது. வடிவமைப்பாளர், கட்டுநர், இயந்திரங்கள் தருகிறவர் எல்லோரும் ஆரம்பத்திலிருந்தே ஒரே குழுவாக உட்கார்ந்தார்கள். தவறு யாருடையது என்று கடிதம் எழுதிக்கொள்வதால் யாருக்கும் லாபமில்லை என்று ஒப்பந்தமே சொன்னது. சொன்ன நாளில், சொன்ன செலவில் கட்டிடம் முடிந்தது.

நெடுஞ்சாலை மணி எழுதியது:

வாசகி அவர்களே, மீதியையும் சொல்லுங்கள். 2008 மார்ச் 27-இல் திறந்தார்கள். முதல் நாளே பெட்டிகள் குவிந்தன, அடுத்தடுத்த நாட்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்து. ஊழியர்களுக்கே வண்டி நிறுத்துமிடம் தெரியவில்லை. அவ்வளவு ஒற்றுமையான குழு என்ன ஆயிற்று?

வாசகி ஆலந்தூர் எழுதியது:

அது உங்கள் வாதத்துக்கு உதவாது, சார். கட்டுகிறவர்கள் ஒரே குழுவாக இருந்தார்கள், கட்டிடம் சரியாக வந்தது. கட்டியதை நடத்தப் போகிற பிரிட்டிஷ் ஏர்வேஸும் பி.ஏ.ஏ.வும் அதே அளவுக்குச் சேர்ந்து தயாராகவில்லை. ஊழியர் பயிற்சியும் சோதனை ஓட்டமும் போதவில்லை. எந்த இடத்தில் சேர்ந்து உட்காரவில்லையோ அந்த இடத்தில் உடைந்தது. நம் கதையில் அந்த இடம் ஆறு.

எண்ணூர் லாரி எழுதியது:

நீங்க எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசுறீங்க. இந்தப் பாலத்துல ஓடப் போறது எங்க வண்டி. பகல்ல ஊருக்குள்ள விட மாட்டாங்க, ராத்திரி துறைமுக கேட்டுல க்யூ. எந்த நேரத்துல எத்தனை வண்டி வருது, எங்க நிக்குது, எங்க சாப்பிடுதுன்னு எங்ககிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல. எண்ணூர் – மணலி ரோடு அகலப்படுத்துற வேலை எத்தனை வருஷம் இழுத்துச்சுன்னு தெரியும்ல? அதுல ரெண்டு துறைமுகம், ஆணையம், மாநில அரசு எல்லாரும் சேர்ந்து தனிக் கம்பெனியே வச்சிருந்தாங்க. சேர்ந்துதான் உட்கார்ந்தாங்க. கரையில இருந்த மீனவக் குடும்பங்களுக்கு வீடு எங்கன்னு முடிவாகாம வேலை நின்னு நின்னு நடந்துச்சு. உட்கார்ந்தா மட்டும் போதாதுங்க.

நெடுஞ்சாலை மணி எழுதியது:

எண்ணூர் அண்ணன் சொன்னதுதான் நான் சொல்வதும். கூட்டம் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். முடிவெடுக்க ஒரு ஆள், அந்த முடிவுக்கு ஒரு சட்டப் பலம், இவை இரண்டும் இல்லாமல் ஒருங்கிணைப்பு என்பது தேநீர்ச் செலவு மட்டுமே.

கூவம்வாசி எழுதியது:

அண்ணன் சொன்னதை நான் வேறு மாதிரி படிக்கிறேன். அங்கே கம்பெனி இருந்தது, ஆனால் குடும்பங்களுக்கு வீடு யார் தருவது, எப்போது தருவது என்ற கேள்விக்கு வேலை தொடங்கும் முன் பதில் இல்லை. நான் கேட்பது கூட்டம் அல்ல, அந்தப் பதில்.

அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இயங்கும் கன்ஸ்ட்ரக்ஷன் இண்டஸ்ட்ரி இன்ஸ்டிட்யூட் இதற்காகவே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு 68 அம்சங்கள்: நிலம், நீரியல், யுடிலிட்டி (மின் கேபிள், குடிநீர்க் குழாய் போன்றவை), அனுமதிகள், யார் பணம் தருவது எல்லாம் அதில் வரும். எந்த அளவுக்குத் தெளிவாக வரையறுத்திருக்கிறோம் என்று ஒவ்வொன்றுக்கும் குழுவே மதிப்பெண் போட வேண்டும், மொத்தம் 1,000, குறைவாக இருந்தால் நல்லது. எனக்கு அந்தக் கூட்டுத்தொகை முக்கியமாகத் தெரியவில்லை. ஒரே அம்சத்துக்கு நெடுஞ்சாலைக்காரர் "முடிந்தது" என்றும் ஆற்றுக்காரர் "தொடங்கவே இல்லை" என்றும் போட்டால், அந்த நிமிடமே பிரச்சினை மேசைக்கு வந்துவிடும். 2009-க்கு முன்பே கூவத் தூண்கள் அப்படி மேசைக்கு வந்திருக்க வேண்டியவை.

2022-இல் என்ன செய்தார்கள் பாருங்கள். அடிக்கல்லுக்கு முன்பே ஆணையம், மாநில அரசு, துறைமுகம், கடற்படை நான்கு பேரும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். முதல் முறை பட்டது போதும் என்று அரசுகளே நினைத்ததால்தானே அது?

நெடுஞ்சாலை மணி எழுதியது:

புரிந்துணர்வு ஒப்பந்தம் யாரையும் கட்டிப்போடாது. அடிக்கல் நாட்டிய கையோடு வேலை தொடங்கிவிட்டதா என்ன? கையெழுத்துப் போட்ட துறை பிறகு பின்வாங்கினால், சும்மா நிற்கிற இயந்திரத்துக்கும் ஆளுக்கும் ஆகிற நஷ்டத்தை அந்தத் துறையின் நிதியிலிருந்தே கொடுக்க வேண்டும் என்று ஒரு ஷரத்து எழுதுங்கள். ஆட்சி மாறினாலும் அந்த பில் மாறாது. அதை எழுதினால் நானும் உங்கள் பக்கம்.

கூவம்வாசி எழுதியது:

அந்த ஷரத்தை நானும் கேட்கிறேன். ஆனால் பின்வாங்கினார் என்று எதை வைத்துக் காட்டுவீர்கள்? ஆற்றுக்குள் வரும் ஒவ்வொரு தூணின் இடமும் அளவும் குறித்து, அந்தப் பகுதியின் செயற்பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம் டெண்டர் ஆவணத்தோடு இணைப்பாக இருக்க வேண்டும். அது இல்லாமல் நஷ்டஈடு கேட்டுப் போனால் 2012-இல் நடந்த அதே "விலகல்" வழக்குதான் மறுபடியும் நடக்கும்.

தளத்திலிருந்து எழுதியது:

கூடவே அந்த கேபிளையும் குறிச்சுடுங்க சார். யார் காசுன்னும் எழுதிடுங்க.