கோ சமுயில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தங்க: வீடு, ஈரப்பதம், ஸ்கூட்டர்

தென்றல்_84 (கேள்வி)

வணக்கம். அக்டோபர் முதல் வாரத்திலிருந்து டிசம்பர் கடைசி வரை தாய்லாந்தின் கோ சமுய் தீவில் தங்கி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் திட்டம். இரண்டு பேர். சீசன் இல்லாத நேரம் என்பதால் வாடகையைக் குறைத்துக் கேட்கலாம் என்கிறார்கள். மூன்று வீடுகள் பார்த்து வைத்திருக்கிறோம்: சவெங் கடற்கரைக்குப் பின்னால் 14,000 பாட், லமாயில் மலைச்சரிவில் 16,000, மேற்குக் கரையில் லிப்பா நோய் பக்கம் 15,000. எதை எடுக்கலாம்? மழை எவ்வளவு இருக்கும்? என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

உப்புக்காற்று

முதலில் மழை. புக்கெட்டுக்கு மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். அந்தக் கணக்கை சமுய்க்குப் போடாதீர்கள். சமுய் தாய்லாந்து வளைகுடாவில் இருப்பதால் அதற்கு வடகிழக்குப் பருவமழைதான். நம்மூர் ஐப்பசி, கார்த்திகை அடைமழை எப்போதோ அப்போதே அங்கும். நவம்பரில் மட்டும் சராசரியாக ஏறக்குறைய 500 மி.மீ. கொட்டும். 2018இல் டெல்டாவைச் சாய்த்த கஜா புயலே அந்த வளைகுடாவில் தாழ்வுப் பகுதியாகத் தொடங்கி, தாய்லாந்தைக் குறுக்கே கடந்து வங்கக் கடலுக்கு வந்ததுதான். டிசம்பரோடு ஓய்ந்துவிடும் என்றும் இல்லை. பாபுக் புயல் தென் தாய்லாந்தில் கரையேறியது 2019 ஜனவரி 4ஆம் தேதி. அப்போது சமுய்க்குப் படகும் விமானமும் நின்றன.

இப்போது வீடு. தீவின் நடுவில் மலை, சுற்றிலும் ஒடுங்கிய சமவெளி. மலையில் பெய்வது சில மணி நேரத்திலேயே கீழே வந்துவிடும். சவெங்கில் கடற்கரைக்குப் பின்னால் இருப்பது தாழ்ந்த நிலம், ஏரியும் அங்கேதான். வலுத்த மழையில் முதலில் தண்ணீர் நிற்கும் இடங்களில் அதுவும் ஒன்று. போதாததற்கு சவெங்கும் லமாயும் கிழக்குப் பார்த்தவை: காற்றும் அலையும் நேராக அடிக்கும், கடலில் பல நாள் சிவப்புக் கொடி பறக்கும். லிப்பா நோய் பக்கம் மலை மறைப்பதால் காற்று குறைவு, கடலும் அடங்கியிருக்கும். மூன்றில் என் ஓட்டு அதற்கே.

ஆனால் எந்த வீடானாலும் நேரில் பார்க்காமல் மூன்று மாத முன்பணம் கொடுக்க வேண்டாம். நான்கு நாள் ஒரு விடுதியில் தங்கி, மழை பெய்யும்போதே போய்ப் பாருங்கள். சமையலறை அலமாரியின் அடிப்பலகை உப்பியிருந்தால் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. சுவரின் கீழ் ஒரு சாணுக்கு மட்டும் புது பெயின்ட் இருந்தாலும் அதே அர்த்தம். கூரைத்தட்டில் பழுப்பு வளையம், வடகிழக்குப் பக்கக் கதவின் அடியில் இடைவெளி, மெத்தையின் அடிப்பக்கம், துணி அலமாரிக்குள் வாசனை, இவ்வளவும் பாருங்கள். சரிவில் உள்ள வீடென்றால் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியும் துளைகள் உண்டா, அவற்றில் தண்ணீர் வருகிறதா என்று கவனியுங்கள். துளையே இல்லாத சுவர், அல்லது துளை அடைத்துக்கொண்ட சுவர், பின்னால் தண்ணீரைத் தேக்கி ஒரு நாள் சாயும். அந்த வீடு பாதி வாடகைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

தண்ணீர் மோட்டாரில் நேரடியாக வருகிறதா, மேல்நிலைத் தொட்டி உண்டா என்றும் கேளுங்கள். மோட்டார் மட்டும் என்றால் கரண்ட் போனதும் குழாயும் நின்றுவிடும். 60 லிட்டர் மூடியுள்ள டிரம் ஒன்றை நிரப்பியே வையுங்கள். மின்வாரியப் புகார் எண் 1129, ஆம்புலன்ஸ் 1669.

மல்லிகா_அக்கா

மழையைவிடத் தொல்லை பூஞ்சைதான், தென்றல். 500 பாட்டுக்குள் ஒரு ஈரப்பதமானி வாங்கிப் படுக்கையறையில் மாட்டிவிடுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் பூஞ்சை பெரிதாகப் பிடிக்காது. 75க்கு மேல் சில நாள் நின்றால் தோல் பெல்ட், செருப்பு, மரக்கட்டில் எல்லாம் வெள்ளை பூத்துவிடும்.

ஏசியை 'டிரை'யில் (ஈரத்தை எடுக்கும் முறை) 26 டிகிரியில் போடுங்கள். ஃபேனை 'ஆட்டோ'வில் விடுங்கள். குளிர்விப்பு நின்ற பிறகும் ஃபேன் ஓடினால், உள்ளே சுருளில் படிந்த தண்ணீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பிவிடும். பலர் ஏசி ஓடியும் அறை நசநசக்கிறது என்பதற்குக் காரணம் இதுதான். பகலில் ஏசி வேண்டாமென்றால் நாளுக்கு 12 முதல் 20 லிட்டர் எடுக்கும் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று போதும். ஜன்னலை மூடிக்கொண்டு ஓட்ட வேண்டும், தொட்டிக்குப் பதில் குழாயைக் குளியலறைக்கு விட்டுவிடலாம். துணியை அறைக்குள் உலர்த்தாதீர்கள். ஒரு வாளித் துணி இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீரை அறைக்குள் விடும். காசு போட்டு ஓட்டும் உலர்த்தி கடைகள் உண்டு. கேமரா, மருந்து, பாஸ்போர்ட் மூன்றையும் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

அரிசி, பருப்பைப் பையோடு வைத்தால் வண்டு வரும். வாங்கியதும் மூன்று நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து, பிறகு காய்ந்த பாட்டிலில் கொட்டுங்கள். அங்கே கிடைக்கும் மல்லிகை (ஜாஸ்மின்) அரிசி நம் சோற்றுக்குக் குழையும். 'சாவ் ஹாய்' அரிசி என்று கேட்டு வாங்கினால் உதிரியாக வரும். துவரம்பருப்பும் உளுந்தும் எல்லாக் கடையிலும் இருக்காது, முதல் மாதத்துக்குக் கொண்டு போங்கள். தோல் நீக்கிய பாசிப்பருப்பு எங்கும் கிடைக்கும்.

பூந்தொட்டித் தட்டு, வாளி, ஏசி தண்ணீர் சொட்டும் இடம் எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள்தான். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். டெங்கு இல்லையென்று தெரியும்வரை இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் தொடக்கூடாது. காலில் புண்ணோடு வெள்ளத்தில் நடக்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும்.

இரண்டு_சக்கரம்

ஸ்கூட்டர் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஊரில் கிளம்பும் முன் ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள், கட்டணம் 1,000 ரூபாய். அதில் மோட்டார் சைக்கிள் பிரிவில் முத்திரை இருக்க வேண்டும். கார் பிரிவு மட்டும் இருந்தால் விபத்தில் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும். வாடகைக் கடையில் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் வேறு கடை பாருங்கள். நகலும் முன்பணமும் போதும்.

டயர் பள்ளம் தேய்ந்த வண்டி இந்த மாதங்களில் கூடாது. மழை விட்டதும் மலையிலிருந்து அடித்து வந்த மணல் வளைவுகளில் படிந்திருக்கும். அங்கே பிரேக் பிடிக்காதீர்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். சரிவான கான்கிரீட் பாதையில் பாசி வழுக்கும்.

தண்ணீரில் இறங்குவதென்றால் சக்கரத்தின் அச்சுக்கு மேல் ஆழம் இருந்தால் திரும்பிவிடுங்கள். வண்டி நின்றுபோனால் ஸ்டார்ட்டரை அழுத்தவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில் உள்ள வடிகுழாயின் மூடியைக் கழற்றுங்கள். தண்ணீர் கொட்டினால் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். எஞ்சின் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் மாற்றி, பத்து நிமிடம் ஓட்டி, மறுபடி மாற்ற வேண்டும். ஒரு தடவைக்குச் சுமார் 0.8 லிட்டர்தான், கஞ்சம் பார்க்க வேண்டாம். எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை என்றால் இடப்பக்கப் பெட்டியில் பெல்ட் நனைந்து வழுக்குகிறது. பெரும்பாலும் கவரைக் கழற்றித் துடைத்தால் சரியாகும்.

தென்றல்_84

எல்லோருக்கும் நன்றி. சவெங்கை விட்டுவிட்டோம். லிப்பா நோய் வீட்டில் கரண்டுக்கு யூனிட்டுக்கு 8 பாட் என்கிறார் உரிமையாளர். இது நியாயமா? இன்டர்நெட் நிற்காமல் இருக்க என்ன செய்யலாம்?

உப்புக்காற்று

மின்வாரிய விலை 4 முதல் 5 பாட்டுக்குள் வரும். இரவு ஏசி, பகலில் ஈரம் உறிஞ்சி, ஃப்ரிட்ஜ், மோட்டார் சேர்த்து மாதம் 300 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 பாட்டுக்கு 2,400, 4.5 பாட்டுக்கு 1,350. ஆக அந்த 15,000 வீடு உண்மையில் 16,000 வீடு. வாடகையைக் குறைக்கக் கேட்பதைவிட, மின்வாரிய பில்லையே நேரடியாகக் கட்டுகிறோம் என்று கேளுங்கள். பில்லுக்குப் பயந்து ஏசியை நிறுத்தி வைக்கும் நிலை வராது. சாவி வாங்கும் அன்றே மீட்டரைப் படம் எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

கையெழுத்துக்கு முன் இன்னொன்று: நீங்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் டிஎம் 30 (TM30, வெளிநாட்டவர் எங்கே தங்கியிருக்கிறார் என்று குடிவரவுத் துறைக்குத் தெரிவிப்பது) பதிவு செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. செய்து ரசீது தருவாரா என்று கேளுங்கள். பின்னால் விசா நீட்டிப்புக்குப் போனால் குடிவரவு அலுவலகத்தில் அதைக் கேட்பார்கள்.

ரௌட்டர் பெரும்பாலும் 12 வோல்ட், 10 வாட் அளவுதான். அதற்கென விற்கும் சின்ன டிசி யூபிஎஸ் 10,000 எம்ஏஎச் இருந்தால் இரண்டரை மணி நேரம் தாங்கும். தெருப் பெட்டிக்கே கரண்ட் போனால் ஃபைபரும் நிற்கும், அதனால் ஒருவர் ஏஐஎஸ், இன்னொருவர் ட்ரூ என்று வேறு வேறு மொபைல் நிறுவன சிம் வைத்துக்கொள்ளுங்கள். இடி இடித்தால் எல்லா அடாப்டரையும் பிடுங்கிவிட்டு பேட்டரியில் வேலை பாருங்கள்.

திரும்பும் நாளுக்கு: வேகப் படகுகள் அலையில் முதலில் ரத்தாகும், எதிர்க்கரையில் உள்ள டான் சாக் துறைமுகத்துக்குப் போகும் கார் ஏற்றும் கப்பல்கள் கடைசியில்தான் நிற்கும். பாங்காக்கில் விமானம் ஏறும் தேதிக்கு இரண்டு நாள் முன்பே தீவை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.