புதுப்பிப்பு: இங்க்ஜெட்டா, லேசரா? வாங்கி 7 மாதங்களுக்குப் பிறகு

மாதம் 40, 50 பக்கங்கள் மட்டுமே, அதுவும் பெரும்பாலும் கறுப்பு எழுத்தில் அச்சிடும் எங்கள் வீட்டுக்கு இங்க்ஜெட் பிரிண்டர் ஏற்றதா, லேசர் பிரிண்டர் ஏற்றதா என்று சென்ற ஆண்டு கேட்டிருந்தேன். இறுதியில் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரையே வாங்கினேன்.

பழைய இங்க்ஜெட்டில், கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், மையில் உள்ள நீர் ஆவியாகி அச்சுமுனையின் நுண்துளைகள் அடைத்திருக்கும். மகளின் விண்ணப்பப் படிவத்தில் ஒவ்வொரு வரியின் நடுவிலும் வெள்ளைக் கீற்று ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அடைப்பை நீக்கும் ஒவ்வொரு முறையும் மைதான் செலவாகிறது என்பதே எனக்குப் பெரிய வருத்தம். லேசரில் இருப்பது டோனர் என்னும் உலர்ந்த பொடி. சூடான உருளை அதை உருக்கித் தாளில் பதியவைப்பதால், 5 வாரம் தொடாமல் வைத்திருந்த பின்னும் முதல் பக்கமே தெளிவாக வந்தது, ஈர விரல் பட்டும் எழுத்து கலையவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்த உருளை சூடேறும்போது பிரிண்டர் திடீரென்று அதிக மின்சாரத்தை இழுப்பதால், அதைக் கணினியின் யுபிஎஸ்ஸில் (மின்தடையின்போது பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் கருவி) இணைக்காமல் நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகியிருக்கிறேன். புகைப்படங்களுக்கு இது உதவாது. அவற்றை ஸ்டுடியோவில் கொடுத்து பிரிண்ட் போட்டுக்கொள்கிறோம்.